இணையவழி உளவியல் ஆலோசனை: ஷிப்டுக்கும் லைன் வீட்டுக்கும் இடையே

திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் இருப்போர் உளவியல் ஆலோசனை பெறுவதற்கு வெட்கமும் அறியாமையும் தடையாக நிற்பதாக அடிக்கடி பேசப்படுகிறது. ஆனால் அவற்றுக்கும் முன்னால் நிற்பவை நேரமும் இடமும் ஆகும். காலை எட்டரை மணிக்குத் தொடங்கும் ஷிப்ட், ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் ஒன்றரை ஷிப்டாக நீண்டு இரவு எட்டரையையோ ஒன்பதையோ தொட்டுவிடுகிறது. மிஞ்சும் ஞாயிறு துணி துவைப்பதிலும் சந்தைக்குப் போய்வருவதிலும் கரைந்துவிடுகிறது. எனவே பகல் பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடும் மையம் எதுவும், எவ்வளவு சிறந்ததாயினும், ஓவர்லாக் மிஷினில் அமர்ந்திருப்பவருக்கும் செக்கிங் மேசையில் நிற்கும் பெண்ணுக்கும் எட்டாததாகவே இருக்கிறது. கைபேசி வழி நடக்கும் ஆலோசனை, பயணத்தையும் அரை நாள் கூலி இழப்பையும் தவிர்த்துவிடுகிறது. ஆனால் தனியிடத்தை அது கொண்டுவந்து தருவதில்லை. அதை நாடுபவரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இணையவழி ஆலோசனை இடையிலேயே நின்றுபோவதற்கு ஆலோசகரின் திறமைக் குறைவைவிட இந்த ஏற்பாட்டின் குறையே பெரும்பாலும் காரணமாவதால், இவ்வியல் அதற்குக் கூடுதல் இடம் தருகிறது.

இணையவழி உளவியல் ஆலோசனை என்பது, பயிற்சி பெற்ற ஒருவர் வீடியோ அழைப்பு, குரல் அழைப்பு, எழுத்து உரையாடல் ஆகியவற்றுள் ஒன்றன் வழியாக, குறித்த நாளில் குறித்த நேரத்தில், பல வாரங்கள் தொடர்ந்து ஒருவரோடு பணியாற்றுவதாகும். ஆறுதல் கூறுவதும் புத்திமதி சொல்வதும் அதன் மையப் பணிகள் அல்ல. அவற்றை உறவினரும் பக்கத்து வீட்டாரும் கேளாமலேயே செய்துவருகின்றனர். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் வகுத்துக் காட்டியபடி, ஆலோசகருக்கும் நாடுபவருக்கும் இடையிலான பணியுறவு மூன்று கால்களில் நிற்கிறது: எதை அடைய வேண்டும் என்பதில் உடன்பாடு, அதற்காக எதைச் செய்ய வேண்டும் என்பதில் உடன்பாடு, ஒருவர் மீது ஒருவர் வைக்கும் நம்பிக்கை. திரை வழியே இவை உருவாகுமா என்ற ஐயம் இயல்பானதே. ஸ்வீடன் முதலிய நாடுகளில் பதற்றத்திற்கும் மனச்சோர்வுக்கும் நடத்தப்பட்ட ஆய்வுகள், ஆலோசகரின் வழிகாட்டுதலோடு இணையவழி அளிக்கப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, நேரில் அளிக்கப்படுவதற்கு ஒப்பான பலனைத் தருவதாகக் காட்டியுள்ளன. எண்ணங்களையும் செயல்களையும் படிப்படியாகச் சோதித்துத் திருத்தும் முறையே அறிவாற்றல் நடத்தை சிகிச்சை எனப்படுகிறது. எனினும் ஸ்டாக்ஹோமின் தனி அறையிலிருந்து கணினி வழியே பேசுபவருக்குக் கிடைத்த பலன், ஒரே அறையில் ஐவர் உறங்கும் வீட்டில் இருப்பவருக்கும் அப்படியே கிடைக்கும் என்று கொள்வது அவசர முடிவாகும்.

முதலில் பிரித்தறிய வேண்டியவை

ஆலோசகரைத் தேடுவதற்கு முன், துன்பத்தின் எந்தப் பகுதி உடலைச் சேர்ந்தது, எது மனத்தின் பழக்கத்தைச் சேர்ந்தது, எது கூலி, கடன், சட்டம் ஆகியவற்றைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்ப்பது பல மாத அலைச்சலைத் தவிர்க்கும். நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், மூச்சு முட்டல், தூக்கமின்மை ஆகியவை பதற்றத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். தைராய்டு மிகையாகச் சுரப்பதாலும், இரத்தசோகையாலும், இதயத் துடிப்புக் கோளாறாலும், நாளொன்றுக்கு ஏழெட்டு முறை குடிக்கும் தேநீராலும் அவை தோன்றக்கூடும். ஆகவே ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ அரசு மருத்துவமனையிலோ ஒருமுறை உடற்பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது முதற்படியாகும். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டு ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளர்கள், அந்த அட்டையைக் காய்ச்சலுக்கு மட்டுமே உரியதாக எண்ணி வைத்திருப்பது வீண்.

தொழிலின் நெருக்கடியால் வரும் உளைச்சலை மனத்தின் பலவீனமாகப் பார்ப்பது இன்னொரு தவறு. நொய்யல் மாசுபாட்டு வழக்கில் உயர்நீதிமன்ற உத்தரவால் 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க இறக்குமதி வரி 50 விழுக்காடாக உயர்ந்து ஆர்டர்கள் தடைபட்டபோதும், ஷிப்ட் குறைந்து சனிக்கிழமைச் சம்பளம் சுருங்கிய குடும்பங்களில் தோன்றிய தூக்கமின்மை, காரணமுள்ள கவலையின் விளைவாகும். நேர்மையான ஆலோசகர் அந்தக் கவலையைத் தவறான எண்ணம் என்று திருத்த முற்படமாட்டார். கணக்கைத் தாளில் எழுதி, குழுக் கடன் தவணையை மாற்றிக் கேட்பது போன்ற நடைமுறைச் செயல்களைத் திட்டமிடவும், செயலால் தீராத மிச்சக் கவலையைத் தாங்கவும் உதவுவார். உலக நலவாழ்வு நிறுவனம் 2016இல் வெளியிட்ட சிக்கல் மேலாண்மைப் பயிற்சித் தொகுப்பு, கடும் நெருக்கடியில் வாழும் மக்களுக்காக இந்த வழியிலேயே அமைக்கப்பட்டது.

மேற்பார்வையாளரின் பாலியல் தொல்லையால் வரும் பதற்றத்திற்கு மூச்சுப் பயிற்சி மட்டும் தீர்வாகாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சிறு யூனிட்டுகளின் தொழிலாளர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் அளிக்கலாம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் காலத்தில் துணைநிற்பதும், கொடுத்தபின் வரும் அச்சத்தைக் கையாள உதவுவதும் ஆலோசகரின் பங்கு. புகார் கொடுக்க வேண்டிய இடத்தில் பொறுத்துப்போகக் கற்றுத்தரும் ஆலோசகரை விட்டு விலகிவிடுவது நல்லது.

ஆலோசகரைத் தேர்ந்தெடுத்தல்

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் பயின்று மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதும் உரிமை அவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியலில் சிறப்புப் பயிற்சி பெற்று, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்துகொண்டவர். அவர் மருந்து தருவதில்லை, உரையாடல் வழிச் சிகிச்சையே அவரது துறை. மனநலச் சமூகப் பணியாளர் குடும்பச் சூழலையும் அரசு உதவிகளையும் சேர்த்துப் பார்ப்பவர். ஆலோசகர் என்ற பெயர்ப்பலகையை மட்டும் வைத்திருப்போரிடையே முதுநிலைப் பட்டம் பெற்றுப் பல்லாண்டு மேற்பார்வையில் பணியாற்றியவரும் உளர். சில வாரச் சான்றிதழ்ப் படிப்போடு தொழிலில் இறங்கியவரும் உளர். எனவே என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார், பதிவெண் என்ன, தம் பணியை யாரிடம் மேற்பார்வைக்கு வைக்கிறார் என்று முதல் அழைப்பிலேயே கேட்பது அவமரியாதை ஆகாது. முகம் சுளிக்காமல் பதில் சொல்வதே தகுதியின் ஓர் அடையாளம். மருத்துவர்களைப் பொறுத்தவரை, 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், மருந்துச் சீட்டில் பதிவெண் இடம்பெற வேண்டும் என்றே கூறுகின்றன.

கொங்குப் பகுதியில் இணையவழி ஆலோசனைக்குக் கூடுதலான ஓர் அனுகூலம் உண்டு. ‘எந்த ஊரு, யாரு ஊட்டுப் புள்ள’ என்ற கேள்வியில் தொடங்கும் உள்ளூர் அறிமுகம், சாதி மாறிக் காதலிப்பவருக்கும் மணமுறிவை எண்ணிக்கொண்டிருப்பவருக்கும் வாயை அடைத்துவிடுகிறது. சென்னையிலோ மதுரையிலோ அமர்ந்திருக்கும் ஆலோசகர் யாருக்கும் ஒன்றுவிட்ட மாமனாக இருக்கமாட்டார் என்பது சிறிய விடுதலை அன்று. எனினும் பேச்சு வழக்கு புரியும் அளவுக்கு அவர் தமிழில் தேர்ந்தவராக இருக்க வேண்டும். ‘நெஞ்சு படபடங்குது’ என்று சொல்பவரை ஆங்கிலச் சொல் கலந்து பேச வைக்கும் ஆலோசனை பாதியில் நிற்கும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பணிபுரிவோருக்கும் தாய்மொழியில் பேசும் வாய்ப்பு அதே அளவு இன்றியமையாதது.

கட்டணம் கட்ட இயலாதவர், 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசு சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, நள்ளிரவிலும் அழைக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தைத் தலைமை மையமாகக் கொண்ட இச்சேவை, தமிழ் உட்பட இருபது மொழிகளில் இயங்குகிறது. ஆனால் உதவி எண்ணுக்கும் தொடர் ஆலோசனைக்கும் வேறுபாடு உண்டு: முன்னது அந்த இரவைக் கடக்கவும் அடுத்து எங்கே போவது என்று அறியவும் உதவுகிறது, பின்னது ஒரே நபருடன் வாரந்தோறும் நடக்கும் வேலை. அழைப்பவர் தமக்கு எது தேவை என்று தெளிவாகச் சொன்னால், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடமோ திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வழிகாட்டுமாறு கேட்கலாம்.

இடமும் நேரமும்

லைன் வீடு என்பது, ஒரே வரிசையில் சுவரோடு சுவராகக் கட்டி வாடகைக்கு விடப்படும், ஓர் அறையும் சிறு சமையலிடமும் கொண்ட குடியிருப்பாகும். தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் பொதுவாக இருக்க, ஒரு வீட்டின் இருமலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும் நிலையில், மாமியாரைப் பற்றியோ கணவரின் குடியைப் பற்றியோ அங்கே அமர்ந்து ஐம்பது நிமிடம் பேச முடியாது. கேட்பொலிக் கருவியைக் காதில் மாட்டிக்கொள்வது ஆலோசகரின் குரலை மட்டுமே மறைக்கும். பேசுபவரின் குரல் வெளியே கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதைப் பலர் முதல் அமர்வுக்குப் பின்பே உணர்கின்றனர். மொட்டை மாடி, விடுமுறை நாளில் ஆளில்லாத கம்பெனியின் உணவுக்கூடம், நம்பிக்கையான தோழியின் வீடு, நெரிசலில்லாத பூங்காவின் ஓர் ஓரம், நிறுத்திவைத்த கார் ஆகியவை மாற்று இடங்களாகலாம். வண்டி ஓட்டிக்கொண்டே பேசுவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது; அது விபத்துக்கு வழி, நல்ல ஆலோசகர் அதை அனுமதிக்கவும் மாட்டார்.

வீடியோவே உயர்ந்தது என்ற எண்ணமும் மறுபரிசீலனைக்கு உரியது. முதல் ஓரிரு அமர்வுகளில் முகம் பார்த்துப் பேசுவது நம்பிக்கை வளர உதவும். அதன் பின், சிக்னல் அறுந்து அறுந்து வரும் வீடியோவைவிடத் தெளிவான குரல் அழைப்பு மேல். நடந்துகொண்டே பேசும்போது சிலருக்குச் சொற்கள் எளிதில் வருவதும் உண்டு. எழுத்து உரையாடல், சத்தமாகப் பேசவே இயலாத வீட்டில் இருப்பவருக்குப் பயன்படும். ஆனால் குரலின் நடுக்கமும் மௌனத்தின் நீளமும் அதில் மறைந்துவிடுவதால், அதை மட்டுமே நம்பியிருப்பது போதாது. எழுதியவை கைபேசியில் தங்கிவிடும் என்பதால், ஒரே கைபேசியைக் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் பயன்படுத்தும் வீட்டில், எந்த எண்ணிலிருந்து எப்போது அழைப்பு வரும், வேறொருவர் எடுத்தால் ஆலோசகர் என்ன சொல்ல வேண்டும், பதிவுகளை எப்போது அழிப்பது ஆகியவற்றை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, இரவு ஒன்பது மணிக்கு மேல் சோர்ந்த உடலோடு நடக்கும் அமர்வு பெரும்பாலும் புலம்பலாகவே முடியும். சனிக்கிழமை சம்பள நாள். அன்றைய மாலை வீடுகளில் கணக்கும் சச்சரவும் நடக்கும் நேரம். ஞாயிறு காலை, சமையல் தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பலருக்குப் பொருந்திவருகிறது. ஒன்றரை ஷிப்ட் எந்த வாரம் வரும் என்பது ஷிப்மென்ட் தேதியைப் பொறுத்ததால், வாரந்தோறும் ஒரே நேரம் என்று வற்புறுத்தாமல், முந்தைய நாள் மாலைக்குள் மாற்றிக்கொள்ளும் உரிமையையும், அதற்குக் கட்டணம் பிடிக்கப்படுமா என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டு அறிவது அவசியம்.

முதல் அமர்விலேயே கொடுத்துவைக்க வேண்டிய தகவல் ஒன்று உண்டு. நாடுபவர் அப்போது இருக்கும் இடத்தின் முழு முகவரியும், நெருக்கடியில் அழைக்கத்தக்க ஒருவரின் எண்ணும் ஆலோசகரிடம் இருக்க வேண்டும். முந்நூறு மைல் தொலைவில் இருப்பவர், திருப்பூரில் ஒரு கம்பெனி என்ற தகவலை மட்டும் வைத்துக்கொண்டு 108 ஆம்புலன்சை அனுப்பிவிட முடியாது. சொல்வன இரகசியமாகக் காக்கப்படும் என்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உரிமையாக்கியுள்ளது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற ஆணை போன்ற நிலைகள் அதற்கு விலக்கு. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் கூறுவதால், இளம் தொழிலாளர் தொடர்பான செய்திகளில் இரகசியத்தின் எல்லை இன்னும் குறுகுகிறது.

அமர்வுக்குள் நடப்பது

மனம் நிம்மதியாக வேண்டும் என்பது விருப்பம். அதைக் கொண்டு ஆலோசனையைத் திட்டமிட முடியாது. வாரத்தில் ஐந்து இரவாவது ஆறு மணி நேரம் தூங்குவது, சூப்பர்வைசர் கூப்பிடும்போது கழிப்பறைக்கு ஓடாமல் நின்று பதில் சொல்வது என்று கண்ணால் காணத்தக்க வடிவில் இலக்கை அமைத்தால்தான், ஆறு வாரம் கழித்து முன்னேற்றம் உண்டா இல்லையா என்று இருவரும் சொல்ல முடியும். பதற்றத்தை அளக்க ஏழு கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல் ஒன்று 2006 முதல் உலகெங்கும் பயன்படுகிறது: கடந்த இரு வாரங்களில் ஒவ்வோர் அறிகுறியும் எவ்வளவு நாள் இருந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் இட்டுக் கூட்டினால், 5, 10, 15 ஆகியவை முறையே இலேசான, நடுத்தரமான, கடுமையான பதற்றத்தின் தொடக்க எல்லைகளாகும். மாதம் ஒருமுறை அதை நிரப்பிப் பார்ப்பது இரத்த அழுத்தம் பார்ப்பது போன்றதே. எண் ஒன்றே நோயைத் தீர்மானிப்பதில்லை.

எண்ணப் பதிவேடு என்னும் பயிற்சியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். செக்கிங் பிரிவில் உள்ள ஒருவர் பாஸ் செய்த பண்டலில் ஊசித் துளை விழுந்த நான்கு பீஸ்கள் திரும்பி வருகின்றன என்று கொள்வோம். நிகழ்வு என்ற கட்டத்தில் ‘நாலு பீஸ் ரிட்டர்ன்’ என்று எழுதப்படுகிறது. எண்ணத்தின் கட்டத்தில் ‘என்னை நிறுத்திவிடுவார்கள், ஊரில் பாட்டியிடம் இருக்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்ப முடியாது’. உடலின் கட்டத்தில் வியர்வையும் கிறுகிறுப்பும். செயலின் கட்டத்தில் ஒவ்வொரு பீசையும் மூன்று முறை பார்த்ததால் அன்றைய எண்ணிக்கை குறைந்து மேலும் திட்டு வாங்கியது. இப்போது ஆலோசகர் கேட்பது ‘ஏன் பயப்படுகிறீர்கள்’ என்பதை அன்று. இந்தப் பிரிவில் ரிட்டர்ன் வந்தவர் எத்தனை பேர், அவர்களில் வேலை போனவர் யார், மூன்று முறை பார்த்ததால் கண்டுபிடித்த கூடுதல் குறை எத்தனை என்பவற்றையே கேட்கிறார். அடுத்த வாரம் ஒரு மணி நேரம் மட்டும் ஒருமுறையே பார்த்து அனுப்பி, என்ன நடந்தது என்று குறித்துவரும்படி சோதனை ஒன்று தரப்படுகிறது. மாற்றம் நிகழ்வது அந்த ஒரு மணி நேரத்தில்தான். அமர்வு அதற்கான ஒத்திகையே. பதிவேடு எழுதக் கூச்சமோ எழுத்துப் பழக்கமின்மையோ இருந்தால், கைபேசியில் குரலாகப் பதிந்து வைப்பதும் அதே பலனைத் தரும்.

கணவன் மனைவி இருவரும்

உறவுச் சிக்கல்களில், ஒருவர் வற்புறுத்த மற்றவர் விலகும் சுழற்சி ஆய்வாளர்களால் நெடுங்காலமாகக் கவனிக்கப்பட்டுவருகிறது. இருவரும் கம்பெனிக்குப் போகும் குடும்பத்தில், செவ்வாய்க்கிழமைக் குழுக் கடன் தவணைக்குப் பணம் எங்கே என்று மனைவி இரவு ஒன்பதரைக்குக் கேட்கிறார். கணவர் பதில் சொல்லாமல் கைபேசியைப் பார்க்கிறார். மனைவி குரலை உயர்த்த, கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு டாஸ்மாக் பக்கம் போகிறார். திரும்பியதும் கேள்வி இரட்டிப்பாகிறது. கேட்பதால் விலகுகிறாரா, விலகுவதால் கேட்கிறாரா என்று வழக்காடுவதை நிறுத்தி, சுழற்சியையே பொது எதிரியாக இருவரும் பார்க்கச் செய்வதுதான் தம்பதி ஆலோசனையின் முதல் வேலை. பணப்பேச்சை ஞாயிறு மதியம் இருபது நிமிடம் என்று குறித்து, மற்ற நாட்களில் தள்ளிவைப்பது அற்பமாகத் தோன்றினும், அதைக் கடைப்பிடித்த வாரத்திற்கும் கடைப்பிடிக்காத வாரத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தம்பதியரே கண்டுகொள்வர். இருவரும் ஒரே கைபேசியின் முன் அமரும்போது ஒருவர் குரல் மற்றவர் குரலை அமுக்கிவிடுவதால், ஒரு பொது அமர்வுக்குப் பின் தனித்தனி அமர்வுகள் வைக்குமாறு கேட்பது முறையே.

அடி உதை உள்ள வீட்டுக்கு இது பொருந்தாது. அங்கே கணவர் முன்னிலையில் மனைவி உண்மை பேசினால் அன்றிரவே அதற்கு விலை கொடுக்க நேரும் என்பதால், தம்பதி ஆலோசனையைத் தள்ளிவைத்து, மகளிர் உதவி எண் 181, மாவட்டப் பாதுகாப்பு அலுவலர், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஆகியவற்றின் வழியே பாதுகாப்பை முதலில் தேட வேண்டும். சேர்ந்து வாழச் சொல்வதையே வெற்றியாகக் கருதும் ஆலோசகர்கள் உள்ளனர். அவர்களது நோக்கம் நல்லதாயினும் விளைவு ஆபத்தானது.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருமாயின் அடுத்த அமர்வு வரை காத்திருத்தல் கூடாது. 14416, தமிழக அரசின் 104, சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா அமைப்பின் 044-24640050 ஆகிய எண்களை அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்தெனில் 108க்கு அழைக்க வேண்டும். வீட்டில் உள்ள சாணிப் பவுடர், பூச்சிமருந்து போன்றவற்றை அப்புறப்படுத்துவதை உடனிருப்பவர் அந்த நேரத்திலேயே செய்துவிட வேண்டும். அந்த எண்ணத்தின் உச்சவேகம் பெரும்பாலும் குறுகிய நேரமே நீடிப்பதால், கைக்கெட்டிய தூரத்தில் நஞ்சு இல்லாமை உயிர் காக்கிறது.

ஆலோசனை எப்போது முடிகிறது என்பதையும் பேசிவைக்க வேண்டும். ஆறு முதல் எட்டு அமர்வுகளுக்குள் சிறு மாற்றமும் தென்படவில்லையெனில் முறையை மாற்றுவது, மருத்துவரிடம் மருந்துக்காக அனுப்புவது, வேறு ஆலோசகரைப் பரிந்துரைப்பது ஆகியவற்றுள் ஒன்றைக் கேட்கத் தயங்கக் கூடாது. விலகுவதாகச் சொல்லாமல் அழைப்பை எடுக்காமல் விடுவதைவிட, ஒரு கடைசி அமர்வில் காரணத்தைச் சொல்லிப் பிரிவது அடுத்த ஆலோசகருக்கும் பயன்படும். முன்னேற்றம் கண்டவர்களும், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஓர் அமர்வைத் தனியே ஒதுக்கிக்கொள்வது நன்று. போனஸ் யார் வீட்டுக்கு எவ்வளவு, யார் ஊருக்கு முதலில் போவது என்ற பழைய சச்சரவுகள் அந்த வாரத்தில்தான் மறுபடி தலைதூக்குகின்றன. ஊரிலிருந்து திரும்பிக் கம்பெனி மறுபடி ஓடத் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னோர் அமர்வையும் அப்போதே குறித்துவிடலாம்.